திருக்குற்றாலக் குறவஞ்சியில் தெரு

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, பெரும்பாலும் குற்றால மலைவளத்துக்காகவே படிக்கப்படுகிறது. ஆனால் இதன் கதை தெருவில் தொடங்குகிறது. குற்றாலநாதர் பவனி வரும் வீதியில் பெண்கள் திரள்கின்றனர். வசந்தவல்லி அவர்மேல் காதல் கொள்கிறாள். இறைவன் உலா வந்த அதே ஊருக்குள் கூடையுடன் குறத்தி நடந்து வந்து, குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். அவளைத் தேடும் சிங்கனுக்கோ குற்றாலத்து வயல்கள் பறவை பிடிக்கும் களம்.

சிங்கியின் காலில் கிடப்பதைப் பாம்பென்று நினைத்துச் சிங்கன் கேட்க, சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். நகைச்சுவையாகவே போற்றப்படும் இவ்வுரையாடலில், சிலம்பையே அறியாத வறுமையும் பிழைப்புக்காக ஊர் ஊராய் நடந்த உழைப்பும் தெரிகின்றன. மலைவளப் பாடல்களோடு நிறுத்திக்கொள்ளும் வாசிப்பு இந்த மனிதர்களை இழந்துவிடுகிறது.