சாவி யார் கையில்?

அண்மைக் காலத்தில் நமது கல்வி உலகில் மிகுதியாக வழங்கிவரும் சொற்றொடர்களுள் ஒன்று 'ஆசிரியர்க்குத் தொழில்நுட்பப் பயிற்சி' என்பதாகும். சுற்றறிக்கைகளில் அது இடம்பெறுகின்றது, மேடைகளில் ஒலிக்கின்றது. அமைச்சர்கள் கூறுகின்றனர்; நன்கொடையாளர் கூறுகின்றனர்; ஆசிரியர்களாகிய நாமும் கூறப் பழகிவிட்டோம். எல்லாரும் ஒரே குரலில் ஒரு சொல்லைக் கூறும்பொழுது அச்சொல்லின் பொருள் யாது, அது யாருக்குப் பயன்படுகின்றது என்று வினவுவது விமர்சனத்தின் கடமை. இலக்கியத்தில் உருவமா, உள்ளடக்கமா என்று நமக்கு முந்திய தலைமுறை கடுமையாக வாதிட்டது. உள்ளடக்கத்தை மறந்து உருவத்தைப் போற்றுவோர் மக்களை மறந்தவர் என்பது அவ்வாதத்தில் முற்போக்காளர் கண்ட முடிவு. அதே அளவுகோலை வகுப்பறைக்குள் வந்திருக்கும் கருவிக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் இடத்தில் காலூன்றி நின்று பேசுவது நன்று. கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மலையேறினால் வருவது பன்வில. அதற்கப்பால் மடுல்கலை, உலுகங்கை. அவற்றின் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர். கோப்பியும் பின்னர் தேயிலையும் இம்மலைச்சரிவுகளை ஆண்டன. அவற்றை நட்டுப் பறித்தவர்களின் பிள்ளைகள் இன்றும் லயன்களிலிருந்து மண்பாதை வழியே பாடசாலைக்கு நடந்து வருகின்றனர். சிங்களக் கிராமங்களும் தோட்டங்களும் அடுத்தடுத்துக் கிடக்கும் பிரதேசம் இது. இங்குள்ள வகுப்பறைகளை அறிந்தவர்களாகவே நாம் எழுதுகின்றோம்.

தோட்டப் பிள்ளைக்கு எதுவும் உரிய காலத்தில் வந்ததில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டத்தில் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தன. பிள்ளை படித்துவிட்டாற் கொழுந்து பறிக்க ஆள் கிடையாது என்று அஞ்சியவரிடமே பிள்ளையின் படிப்பு ஒப்படைக்கப்பட்ட விந்தை அது! ஓர் அறை, ஓர் ஆசிரியர். அவரும் பல தோட்டங்களிற் கடிதம் எழுதுபவராகவும் கணக்குப் பார்ப்பவராகவும் இருந்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் அவை வெளியேதான் நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 தொடக்கமே அவை படிப்படியாகத் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. இலவசக் கல்விக்கும் தோட்டப் பிள்ளைக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை மனத்திற் கொண்டுதான் கணினியைப் பற்றியும் நாம் பேசவேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழிக் கற்பித்தல் என்ற ஏற்பாடு ஒரே இரவில் தேசிய நடைமுறையாயிற்று. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் ஏற்கனவே இருந்தது. தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆயின், பெருந்தொற்றுக்கு முந்திய 2019ஆம் ஆண்டிலேயே நாட்டின் ஐந்து வீடுகளில் ஏறத்தாழ ஒன்றிலேதான் கணினி இருந்தது; தோட்டத்துறையில் இவ்வளவு மிகமிகக் குறைவு. தோட்டத்து வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் அது கொழும்பிலோ கண்டியிலோ வேலைக்குப் போன தகப்பனின் சட்டைப்பையில் இருந்தது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இன்று பாடம் என்பதைத் தாய் தீர்மானிக்கவேண்டியிருந்தது. ஊவாவின் போகிட்டியாவ என்னும் கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் அலைவரிசை தேடிக் காடு கடந்து பாறையேறிய செய்தி 2021இல் உலகெங்கும் பரவிற்று. அதனை வீரக்கதையாகப் படித்து வியந்தவர் பலர். அது வீரக்கதையன்று, குற்றப்பத்திரிகை. பிள்ளை பாறையேற வேண்டியிருந்தது ஏன் என்று கேட்காத வியப்பு, பிள்ளையின் துன்பத்தை அழகுபடுத்தும் வெறும் உருவவாதமே.

அக்காலத்தில் ஆசிரியரின் நிலை யாது? கைத்தொலைபேசி அவருடையது, டேட்டாவுக்கான பணம் அவருடைய சம்பளம், வட்ஸ்அப்பிற் பாடம் அனுப்பக் கற்றது அவருடைய மகனிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ. கருவியும் பயிற்சியும் தராத அரசு, விளைவை மாத்திரம் எதிர்பார்த்தது. 2021 ஜூலை 12ஆம் நாள் தொடக்கம் நாடெங்கும் ஆசிரியரும் அதிபரும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்குகின்றனர் என்று ஆசிரியர்மீது பழி சுமத்தப்பட்டது. அதுவரை அந்தக் கல்வி யாருடைய பணத்தில் நடந்தது என்று பழி சுமத்தியோர் கேட்கவில்லை. ஒக்டோபர் வரை நீடித்த அப்போராட்டம் ஓர் உண்மையை அம்பலமாக்கிற்று: டிஜிட்டல் கல்வி என்று பெருமையாகப் பேசப்பட்ட மாளிகை ஆசிரியரின் சட்டைப்பை மீதே கட்டப்பட்டிருந்தது.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கலந்துகொண்ட ஒருநாட் பயிற்சியொன்று நினைவுக்கு வருகின்றது. நாற்பது ஆசிரியர், ஒன்பது கணினிகள். திரையில் ஓடிய குறிப்புகள் யாவும் சிங்களத்தில். வந்திருந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ்மொழிமூல ஆசிரியர்கள். சிங்களம் நன்கறிந்த நண்பரொருவர் பின்வரிசையில் இருந்து எமது காதுகளில் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். தமிழும் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுவதை அந்த மண்டபத்துச் சுவர்கள் இன்னும் கேள்விப்படவில்லை போலும். இடைவேளைக்குச் சற்று முன்னர் மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார்.

"சேர், நான் கம்பியூட்டர்ல அடிச்ச வினாத்தாள் பிள்ளைகளின்ட போன்ல தமிழாத் தெரியுதில்ல. எல்லாம் இங்கிலிஷ் எழுத்தா வருது. ஏன் சேர்?"

பயிற்றுநர் சிறிது நேரம் சிந்தித்தார். "அது தமிழ்ப் பிரச்சினை. இன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லை" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் விடை தெரியாது. ஆயினும் அந்த ஆசிரியை மீண்டும் வாய் திறக்கவில்லை. மாலையிற் சான்றிதழ் தந்தபோது அதனை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் கேட்ட வினாவுக்கு விடை அரை மணி நேரத்திற் கற்பிக்கக்கூடியது. எமது பாடசாலைகளிற் பெரிதும் வழங்கும் பாமினி எழுத்துரு தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்து அதற்குத் தமிழ் வடிவம் போர்த்துகின்றது. அந்த எழுத்துரு இல்லாத கருவியிற் போர்வை கழன்று ஆங்கில எழுத்துக் குவியல் வெளிப்படுகின்றது. ஒருங்குறியோ தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களை வழங்குவது. ஆகையால் எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும். கணினித் தமிழுக்கான இலங்கை நியமம் 2008இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. நியமம் பிறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு மூத்த ஆசிரியை தன் தாய்மொழி ஏன் உடைந்து போகின்றது என்று அறியாமல் வீடு திரும்பினார். பயிற்சியின் உள்ளடக்கத்தை ஆசிரியரின் தேவையிலிருந்து வகுக்காமல், மேலிருந்து வந்த நிகழ்ச்சிநிரலிலிருந்து வகுப்பதால் நேரும் அவலம் இது.

கருவியை முன்னே அனுப்பி மனிதரைப் பின்னே தள்ளும் இப்போக்கு நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. சலனப்படம் வந்துவிட்டதால் இனிப் பாடநூல்களுக்கு இடமில்லை என்று எடிசன் 1913இல் எதிர்வுகூறினார். பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் அவ்வாறே ஆரவாரத்துடன் வகுப்பறைக்குள் வந்து மூலையில் ஒதுங்கியமையை லாரி கியூபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆசிரியரைக் கேளாமல் மேலிருந்து கொண்டுவரப்பட்ட கருவிகள் ஆசிரியரின் அன்றாட வேலைக்குப் பொருந்தாமற் போயின என்பது அவர் காட்டும் படிப்பினை. பெரு நாடு பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கிற்று. 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் அடைவு உயர்ந்தமைக்குச் சான்றெதுவும் கிடைக்கவில்லை என்று கூறிற்று. ஆசிரியரைச் சுற்றிப் போய்ப் பிள்ளையை அடையலாம் என்று கருதிய திட்டத்தின் முடிவு அது.

அப்படியாயின் இயந்திரமே வேண்டாம் என்பதா நமது முடிவு? அன்று. இயந்திரத்தை வெறுப்பது முற்போக்கு ஆகாது. இயந்திரம் யாருடைய கையில், யாருடைய தேவைக்காக இயங்குகின்றது என்று கேட்பதே முற்போக்கு. நமது மலைநாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. கோ. நடேசய்யர் அச்செழுத்தைத் தொழிலாளரிடம் கொண்டுவந்தார். எழுதப் படிக்கத் தெரியாதோர் பெரும்பான்மையினராய் இருந்த சமூகத்தில் அச்சினால் என்ன பயன் என்று எவரும் கேட்டிருக்கலாம். அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டாகவும் பிரசுரமாகவும் எழுதியவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தார், மற்றவர் கேட்டனர், கேட்டவர் பாடினர். அந்த மக்களின் தேவையிலிருந்து, அந்த மக்களின் மொழியில் வந்தமையால், அச்சு என்ற அந்நியக் கருவி அவர்களுடையதாயிற்று.

அண்மைக்காலச் சான்று கேரளத்தில் உண்டு. 2001இல் அங்கு தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழில்நுட்பத் திட்டம், வெளியாரைக் கொண்டு ஆசிரியர்க்குப் பயிற்சியளிப்பதோடு நிற்கவில்லை. பாடசாலை ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநராக்கிற்று. அவர்கள் ஏனைய ஆசிரியர்க்கு மலையாளத்திற் கற்பித்தனர். விலை கொடுத்து உரிமம் வாங்கவேண்டிய மென்பொருளை விட்டு, எவரும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறினர். அம்மாற்றத்திற்கு ஆசிரியர் சங்கங்களும் அறிவியல் இயக்கத்தாரும் குரல் கொடுத்தமை குறிப்பிடத்தக்கது. 2018இல் மாணவர்க்கென்றே கணினிக் குழுக்கள் அரச உயர்நிலைப் பாடசாலைகளில் அமைக்கப்பட்டன. கேரளத்திலும் குறைகள் உண்டு. பெருந்தொற்றின்போது தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இல்லாத வீடுகள் அங்கும் இருந்தன. எனினும், ஆசிரியரைப் பயிற்சி பெறுபவராக மாத்திரம் கருதாது பயிற்சியை ஆக்குபவராகக் கருதியமை நாம் கற்கத்தக்க பாடம்.

இவ்வளவும் கூறியபின் எம்மை நாமே விமர்சிக்காமல் விட்டால் அது நேர்மையாகாது. எமது பாடசாலைகள் பலவற்றிற் கணினி அறை உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. சாவி மேசை லாச்சிக்குள் உறங்குகின்றது. மலைநாட்டு ஈரத்திற் கணினிகள் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கின்றன. காரணம் அதிபரின் கொடுமையன்று. ஒவ்வொரு கணினியும் பொருட்பதிவேட்டில் ஓர் இலக்கம்; ஆண்டு முடிவிற் கணக்கெடுக்க வருவோர் அந்த இலக்கத்தைத் தேடுவர். பயன்படுத்திப் பழுதானால் விளக்கம் கோருவார்கள். பயன்படாமற் கிடந்தால் ஒருவரும் கேளார்! திருத்துவதற்குப் பணமில்லாத இடத்தில் தொடாதிருப்பதே பொறுப்புணர்ச்சி ஆகிவிடுகின்றது. இந்த அச்சத்தை நாமும் ஏற்றுக்கொண்டோம். 'அது கணினி ஆசிரியரின் வேலை' என்று ஒதுங்கினோம். இடமாற்றம், சம்பளம் என்பவற்றுக்காக ஒன்றுகூடிய நாம், ஒரு கணினி அறையின் கதவைத் திறப்பதற்காக ஒன்றுகூடியதில்லை. பயிற்சிக்கான சான்றிதழைப் பதவியுயர்வுக் கோப்பிற் செருகியதோடு திருப்தியடைந்தவர் எம்முள்ளும் உண்டு.

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவு. பயிற்சி ஆசிரியரின் தாய்மொழியில் நடைபெறல் வேண்டும். அது பாடசாலை நேரத்துக்குள், ஆசிரியரின் சொந்தப் பணத்தைக் கரைக்காமல் நடைபெறல் வேண்டும். ஒருநாட் சடங்காக அன்றி, அயற் பாடசாலைகளின் ஆசிரியர் மாதந்தோறும் கூடித் தாம் செய்ததைத் தமக்குள் காட்டிக் கற்பதாக அமைதல் வேண்டும். அக்கூட்டத்திற் சிங்கள மொழிமூல ஆசிரியரும் தமிழ்மொழிமூல ஆசிரியரும் தத்தம் மொழியிற் பேச இடமிருத்தல் வேண்டும். அலுவலக உதவியாளரும் நூலகப் பொறுப்பாளரும் அதற்கு அயலவர் ஆகார். கணினியோடு அதனைத் திருத்துவதற்கான பணமும் வரவேண்டும். இணைய இணைப்பு ஆசிரியரின் கைத்தொலைபேசியிலன்றிப் பாடசாலையின் பெயரில் இருத்தல் வேண்டும். இவற்றை அரசு தானாகத் தரும் என்று காத்திருத்தல் தோட்டத்துரை பள்ளிக்கூடம் கட்டுவார் என்று காத்திருந்தமைக்கு ஒப்பாகும்.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் எவரிடமும் கேளாமல் நாளையே நாம் செய்யலாம். அந்த மூத்த ஆசிரியையின் வினாவுக்கு விடை தெரிந்தவர் இன்று நம்மிற் பலர். அவருக்கு அருகில் அமர்ந்து, அவருடைய வினாத்தாளை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டுவோமாயின், அவர் அடுத்த ஆசிரியைக்குக் காட்டுவார். மடுல்கலையிலோ உலுகங்கையிலோ ஒரு லயன் வாசலில், தகப்பனின் தொலைபேசியைச் சற்று நேரம் வாங்கிய பிள்ளை தன் பாடத்தைத் தன் மொழியிற் படிக்கும். சுற்றறிக்கைகள் வருமுன்னரே தொடங்கக்கூடிய வேலை அது. லாச்சியைத் திறந்து சாவியை எடுப்போம்.