கீப்பர் எங்கே நிற்கிறார்? - சிறுவர் கிரிக்கெட் விதிகள் பற்றி ஒரு வாசிப்பு

வேகப்பந்து வீச்சாளர் என்றால் யார்? டிவி பார்த்துப் பழகிய நாம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு எண்ணைச் சொல்வோம். இங்கிலாந்து அண்ட் வேல்ஸ் கிரிக்கெட் போர்டு (இ.சி.பி.) சிறுவர் கிரிக்கெட்டுக்கு எழுதி வைத்திருக்கும் விதிகளில் வேறு மாதிரி ஒரு பதில் இருக்கு. அதே வயதுப் பிரிவைச் சேர்ந்த ஒரு விக்கெட் கீப்பர், சாதாரணமாக யாருடைய பந்தைப் பிடிக்க ஸ்டம்பை விட்டுப் பின்னால் தள்ளி நிற்பாரோ, அவர்தான் வேகப்பந்து வீச்சாளர். அவ்வளவுதான். கருவி வேண்டாம், கணக்கு வேண்டாம்.

முதல் தடவை படிக்கும்போது ஏதோ தோராயமாக எழுதிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சரியாக எழுத முடியாது. பன்னிரண்டு வயசுப் பையன் போடும் பந்து பெரியவர்களின் அளவுகோலில் மெதுவான பந்துதான். ஆனால் எதிரே மட்டை பிடித்து நிற்பவனுக்கும் பன்னிரண்டு வயசு. பந்து போடுகிறவனின் முதுகும் தன் முழு பலத்தையும் கொடுத்துத்தான் வளைகிறது. ஆக இந்த வரையறை குழந்தையைக் குழந்தையோடு வைத்து அளக்கிறது. கீப்பர் எங்கே நிற்கிறார் என்பது பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் தெரியும், எதிர் அணிக் கோச்சுக்கும் தெரியும். யாரும் மறைக்க முடியாது.

ஒரு சிறுவர் லீக்கின் விதிகளை எடைபோட எனக்கு இந்த இரண்டு கேள்விகளே போதும் என்று படுகிறது. அளப்பது எதை? சரிபார்ப்பது யார்? இ.சி.பி. விதிகளின் முக்கியமான பகுதிகளை இந்த இரண்டு கேள்விகளோடு வாசித்துப் பார்ப்போம். நம் ஊர் பி.சி.சி.ஐ.க்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் ஓவர் கணக்கு. 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரு ஸ்பெல்லில் அதிகபட்சம் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். 14, 15 வயதுப் பிரிவுக்கு 6, 12. 16, 17 வயதுப் பிரிவுக்கு 7, 18. காரணம் முதுகெலும்பு. வளரும் வயதில் கீழ் முதுகின் எலும்புகள் இன்னும் முழுசாக இறுகியிருக்காது. வேகமாகப் பந்து போடும்போது உடம்பு ஒரே நேரத்தில் வளையவும் திரும்பவும் செய்கிறது, முன்கால் தரையில் மோதுகிறது. இதையே ஆயிரக்கணக்கான தடவை செய்தால் பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கீழ் முதுகெலும்பில் மெல்லிய கீறல் விழுகிறது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களைப் பல மாதம் உட்கார வைக்கும் காயம் இதுதான்.

ஓய்வு பற்றிய வரிகளை எழுதியவர் கோச்சுகளின் மனசைத் தெரிந்தவர். ஸ்பெல் எத்தனை ஓவரோ, அத்தனை ஓவர் அதே முனையிலிருந்து மற்றவர்கள் போட்டு முடித்த பிறகுதான் அந்தப் பையன் மறுபடி பந்தைத் தொடலாம், எந்த முனையிலிருந்து என்றாலும் சரி. முனையை மட்டும் மாற்றினால் அது புது ஸ்பெல் ஆகிவிடாது. இடையில் போதிய ஓய்வில்லாமல் திரும்ப வந்தால் பழைய ஸ்பெல்லின் தொடர்ச்சியாகத்தான் கணக்கு. ஜெயிக்கத் துடிக்கும் ஒரு ஆள் எந்தெந்த சந்தில் நுழைவார் என்று பார்த்து ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் சாட்சி ஸ்கோர் புத்தகம். யார் எந்த ஓவர் போட்டார் என்று இரண்டு அணி ஸ்கோரர்களும் எப்படியும் எழுதத்தான் போகிறார்கள். ஏற்கனவே இருக்கும் ஒரு பதிவின் மேல் ஏறி உட்காரும் விதி நிலைக்கும். தனியாக ஒரு படிவம் கேட்டிருந்தால் மூன்றாவது வாரமே அது காணாமல் போயிருக்கும்.

அடுத்து ஃபீல்டிங் தூரம். 15 வயதுப் பிரிவு வரையிலான பிள்ளைகள் நடு ஸ்டம்பிலிருந்து 8 கெஜத்துக்குள் நிற்கக் கூடாது. 13 வயதுப் பிரிவு வரை என்றால் 11 கெஜம். விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் சைடில் நிற்பவர்களுக்கு மட்டும் விலக்கு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு: ஹெல்மெட் போட்டிருந்தாலும் இந்தத் தூரம் குறையாது. பாதுகாப்புக் கருவி வந்ததும் ஆபத்தைக் கூட்டிக்கொள்வது மனுஷ சுபாவம். "ஹெல்மெட் போட்டிருக்கான் சார், சில்லி பாயிண்ட்ல நிக்கட்டும்" என்று ஒரு குரல் வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்தாச்சு. பிள்ளை கோட்டுக்குள் வந்தால் அம்பயர் உடனே ஆட்டத்தை நிறுத்திப் பின்னால் போகச் சொல்ல வேண்டும். கேப்டனிடம் பேசிப் பார்க்கலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

18 வயதுக்குட்பட்டவர்கள் பேட் செய்யும்போதும், ஸ்டம்புக்கு அருகே நின்று கீப்பிங் செய்யும்போதும் முகக்கம்பியுள்ள ஹெல்மெட் போட வேண்டும். இதுவும் கண்ணுக்குத் தெரிவதுதான். ஆனால் எந்த ஹெல்மெட் என்பது கண்ணுக்குத் தெரியாது. சிறுவர்களின் பந்து சிறியது. பெரியவர்களின் பந்து ஐந்தரை அவுன்ஸ், 13 வயதுக்குட்பட்டவர்களின் பந்து நாலே முக்கால் அவுன்ஸ். பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளி வழியே சின்னப் பந்து நுழையலாம். 2013இல் வந்த பிரிட்டிஷ் ஹெல்மெட் தரநிலை இரண்டு அளவுப் பந்துகளையும் வைத்துச் சோதிக்கச் சொல்வது அதனால்தான். அண்ணனின் பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. தலையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் அம்பயர் பாதியைத்தான் பார்க்கிறார்.

இதுவரை பெரும்பாலும் பாராட்டு. இனி குறை.

ஸ்பெல்லை எண்ணுகிறார்கள், நாளை எண்ணுகிறார்கள். வாரத்தை யார் எண்ணுவது? நல்லாப் பந்து போடுகிற பதினைந்து வயசுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தின் நடுவில் ஸ்கூல் மேட்ச். சனிக்கிழமை கிளப்பின் பெரியவர்கள் அணி. ஞாயிற்றுக்கிழமை கவுண்டி வயதுப் பிரிவு அணி. மூன்றுமே நீளமான ஆட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் 12, 12, 12 - ஆக 36 ஓவர், 216 பந்து. மூன்று ஸ்கோர் புத்தகங்களிலும் ஒரு மீறல்கூட இருக்காது. நடுவில் நெட்ஸ் வேறு. நெட்ஸுக்கும் பரிந்துரைகள் உண்டு, ஆனால் அங்கே ஸ்கோரர் இல்லை. மூன்று கோச்சுகளும் நாணயமானவர்களாகவே இருக்கலாம். ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் சரியாக எண்ணியிருப்பார்கள். கணக்கு அணியிடம் இருக்கிறது, முதுகு பையனிடம் இருக்கிறது. சிக்கல் அதுதான்.

திறமை கூடக்கூட அணிகள் கூடும். ஆகவே இந்த ஓட்டை மிகத் திறமையான பிள்ளைகளைத்தான் குறிபார்த்துப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் இளையோர் வழிகாட்டுதல்கள் பயிற்சியையும் சேர்த்து வாரக் கணக்கில் யோசிக்கின்றன. அது நல்ல திசை. அங்கேயும் எண்ணை எழுதும் கை ஒன்று வேண்டும். அந்தக் கை அடுத்த ஓவரை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவருடையதாக இருக்கக் கூடாது.

இரண்டாவது குறை வயதுக் கோடு. இங்கிலாந்தில் ஒரு பிள்ளையின் வயதுப் பிரிவு, சீசனுக்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் 31 நள்ளிரவில் அதன் வயது என்ன என்பதை வைத்து முடிவாகிறது. பள்ளி ஆண்டோடு ஒத்துப்போகும், நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் செப்டம்பர் முதல் வாரம் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவனும் ஒரே பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். பன்னிரண்டு வயசில் ஒரு வருஷம் என்பது நாலு விரற்கடை உயரமாக இருக்கலாம், தோளில் இன்னொரு பிடி பலமாக இருக்கலாம். பெரியவன் அணியில் எடுக்கப்படுவான், எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், பயிற்சி கிடைத்தவன் அடுத்த வருஷமும் எடுக்கப்படுவான். 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அதற்குப் பிறகு பல விளையாட்டுகளிலும் இதே கதை.

இந்தியாவில் கோடு எங்கே என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: அந்தப் பிறந்த தேதி நிஜமா? 2015 பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் இதை வெளிப்படையாகப் பேசினார். பெற்றோரும் கோச்சும் சேர்ந்து பொய்ச் சான்றிதழ் வாங்கினால், ஏமாற்றுவதன் முதல் பாடத்தைப் பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 2020இல் பி.சி.சி.ஐ. ஒரு வாய்ப்புக் கொடுத்தது: தானாக முன்வந்து உண்மையைச் சொன்னால் தடை இல்லை, பிறகு மாட்டினால் இரண்டு ஆண்டு தடை. சிறுவர்கள் விஷயத்தில் இது மனிதாபிமானமான முடிவு, ஏனென்றால் பொய் சொன்னது பெரும்பாலும் அவர்கள் இல்லை.

சரிபார்க்க பி.சி.சி.ஐ. பயன்படுத்துவது டி.டபிள்யூ.3 என்கிற எலும்புச் சோதனை. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். சான்றிதழைத் திருத்தலாம், மணிக்கட்டைத் திருத்த முடியாது. அந்த வகையில் நம் இரண்டாவது கேள்விக்கு இது நல்ல பதில். முதல் கேள்விக்கு? எலும்பின் முதிர்ச்சியும் பிறந்த தேதியும் ஒன்றல்ல. ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே இரண்டுக்கும் ஒரு வருஷம் முன்பின் இருக்கலாம். சீக்கிரம் வளர்ந்த நேர்மையான பையன் வெளியே போவான். மெதுவாக வளரும், வயதைக் குறைத்துச் சொன்ன பையன் உள்ளே வருவான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. உடம்பின் முதிர்ச்சி என்பது உண்மையில் பாதுகாப்புக்குத் தேவையான அளவு. யார் எத்தனை ஓவர் போடலாம், யார் யாருக்கு எதிரே நிற்கலாம் என்பதற்கு அது உதவும். இந்தியா அதை வைத்துப் பொய்யைப் பிடிக்கப் பார்க்கிறது. இங்கிலாந்து, பிறந்த தேதியை நம்பலாம் என்பதால், முதுகின் வலுவையும் அந்தத் தேதியை வைத்தே அளக்கிறது. ஒருவர் கையில் இருக்க வேண்டிய கருவி இன்னொருவர் கையில்.

கடைசியாக, நியாயம் என்றதும் நாம் வயது மோசடியைத்தான் நினைக்கிறோம். அதைவிடச் சாதாரணமான அநியாயம் ஒன்று வாராவாரம் நடக்கிறது: ஒன்பதாவது ஆளாக இறங்க வேண்டியவன் பேட்டும் பிடிக்காமல் பந்தும் போடாமல் ஃபைன் லெக்கில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவது. சின்னப் பிள்ளைகளுக்கான ஜோடி ஆட்ட முறை இதைத் தீர்க்கிறது. ஜோடியாக இறங்குவார்கள், குறித்த ஓவர்கள் முழுக்க ஆடுவார்கள். அவுட் ஆனால் வெளியேற வேண்டாம், ரன் மட்டும் குறையும். பந்தும் எல்லோரிடமும் சுற்றி வரும். கோச்சின் பெருந்தன்மையை நம்ப வேண்டியதில்லை, ஆட்டத்தின் அமைப்பே பங்கிட்டுவிடுகிறது. வயசு ஏறும்போது இதை ஒரேயடியாகக் கைவிட்டு, கோப்பை ஒன்றையே முன்னால் வைப்பதுதான் பிழை.

ஒரு சிறுவர் லீக் நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால், மூன்றே மூன்று விஷயம் சொல்வேன். ஓவர் கணக்கு அணியோடு நிற்காமல் பிள்ளையோடு போகட்டும். ஒரு சின்ன நோட்டு, ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, அடுத்த அணிக் கோச் அதைப் பார்த்த பிறகே பந்தைக் கொடுப்பது. இரண்டாவது, மீறினால் எத்தனை புள்ளி போகும் என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். விலை எழுதாத விதி வெறும் அறிவுரை. மூன்றாவது, தன் பிள்ளை ஆடும் மேட்ச்சுக்கு அப்பாவை அம்பயராக நிறுத்தாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பதினொரு கெஜத்தை அவர் கண்ணால் அளக்கும்போது அது ஒன்பதாகத் தெரிய வாய்ப்புண்டு.