கட்டணமே வராத வீட்டில் எதை மிச்சம் பிடிப்பது?

மத்திய அரசின் உஜாலா பல்புத் திட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: அரசு மானியமே தராமல் அதை நடத்திக் காட்டியது. 2015 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் 36 கோடிக்கும் மேலான எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வெற்றியைக் காட்டி, மின்விசிறியையும் இதே வழியில் கொடுத்துவிடலாம், ஏழைகளின் கூரை வெப்பத்தைக்கூட இப்படியே தணித்துவிடலாம் என்று வாதிடுகிறார்கள். வீட்டில் மிச்சமாகும் மின்சாரமே வாங்கிய பொருளின் கடனை அடைத்துவிடும் என்பதுதான் அந்த வாதத்தின் அடிப்படை. பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பதும் அதுவே.

பல்பைப் பொறுத்தவரை சாதனை உண்மையானது. மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கியதால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாயாக இறங்கியது. பல மாநிலங்களில் மாதம் பத்து ரூபாய் வீதம் மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தார்கள். யாருக்கும் அது பாரமாகவில்லை. மொத்தக் கொள்முதலின் வலிமையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மின்விசிறி அப்படியல்ல. ஒரு கோடி விசிறிகளை வீடுகளில் சேர்ப்பதாக அதே நிறுவனம் 2023இல் ஒரு திட்டம் தொடங்கியது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் விசிறி 28 வாட்டிலேயே சுற்றும். விலைதான் ஏறத்தாழ இரு மடங்கு, மூவாயிரம் ரூபாயை ஒட்டி. தவணையில் கொடுத்தால் குறையும் கட்டணத்திலிருந்தே அடைத்துவிடலாம் என்பது கணக்கு.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் ஓர் ஏழை வீட்டில் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் பழைய விசிறி இரண்டு மாதத்தில் 72 யூனிட் எடுக்கும். புதியது 27 யூனிட். மிச்சம் 45 யூனிட். ஆனால் 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இருமாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு விசிறி, இரண்டு பல்பு, ஒரு டிவி என்று வாழும் குடும்பம் அந்த நூறுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அவர்கள் செலுத்த வேண்டிய தொகை முன்பும் பூஜ்யம், விசிறியை மாற்றிய பிறகும் பூஜ்யம். மிச்சமான 45 யூனிட்டின் பலன் மின்வாரியத்துக்கும், அந்த இலவசத்துக்குப் பணம் கட்டும் அரசுக்கும் போகிறது. தவணையை மட்டும் அந்தக் குடும்பம் கட்ட வேண்டும். ஏழையின் பணத்தில் அரசின் செலவைக் குறைப்பதற்குத் திறன் மேம்பாடு என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

அரசே விசிறியை வாங்கிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தாலும் 45 யூனிட்டுக்கு 270 ரூபாய், ஆண்டுக்கு 1,620. இரண்டு ஆண்டுக்குள் விசிறியின் விலை அரசுக்குத் திரும்பிவிடும். மிச்சம் யார் கைக்குப் போகிறதோ அவரே முதலும் போட வேண்டும்.

கடன் வழியைப் பிரிட்டன் பெரிய அளவில் முயன்று பார்த்துவிட்டது. 2013இல் வந்த கிரீன் டீல் திட்டத்தில் சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பு போடும் செலவு கடனாகி, மின்கட்டணத்தோடு வசூலானது. வட்டி ஏழு சதவீதத்துக்கும் மேல். ஏறத்தாழ 14 ஆயிரம் வீடுகளே கடன் எடுத்த நிலையில், 2015 ஜூலையில் அரசு நிதியை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவிலோ 1976 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளை அரசு மானியத்திலேயே செப்பனிடுகிறார்கள். 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பயன் பெற்றிருக்கின்றன, யாரும் திருப்பிக் கட்டியதில்லை. அங்கும் ஒழுகும் கூரையும் பழுதான வயரிங்கும் உள்ள வீடுகளை, முதலில் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று ஒத்திவைக்கும் கொடுமை உண்டு. மிகவும் நொடிந்தவர்களே வெளியே நிற்க நேர்கிறது.

கூரை விஷயத்தில் இந்தக் கடன் வாதம் முழுதாகவே உடைகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சில டிகிரி வெப்பம் குறையும். அகமதாபாத் குடிசைப் பகுதிகளில் இதைச் செய்தார்கள். தெலங்கானா 2023இல் இதற்கென்றே கொள்கை வகுத்தது. ஆனால் ஏசி இல்லாத வீட்டில் கூரை குளிர்ந்தால் எத்தனை யூனிட் மிச்சமாகும்? அநேகமாக ஒன்றுமில்லை. முன்பு பாதி ராத்திரி வரை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே படுத்துத் தூங்குவார்கள். கைக்குழந்தைக்கு வேர்க்குரு குறையும். மே மாதத்தில் முதியவர் ஒருவர் உயிர் பிழைப்பார். யூனிட்டை மட்டும் எண்ணும் திட்டத்தில் இதற்கெல்லாம் மதிப்பு இல்லை, ஆகவே நிதியும் இல்லை. பட்டா இல்லாத மனையில் நிற்கும் வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கியும் வராது.

இலவசமாகக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அந்தக் கிரைண்டர்கள் எத்தனையோ வீடுகளில் ஆண்டுக்கணக்காக மாவரைத்தன. சொந்த மொட்டைமாடி உள்ளவர் சூரியத் தகடு வைக்க மத்திய அரசு 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் தருகிறது. அவர் விற்றுவிடுவாரோ என்று யாரும் கவலைப்படுவதில்லை. மாடி இருப்பவருக்கு மானியம், ஷீட் வீட்டுக்காரருக்குத் தவணை என்ற பாகுபாட்டை எந்தப் பொருளாதார வாதமும் நியாயப்படுத்தாது.

கொடுக்கும்போது மின் இணைப்பு எண்ணைப் பார்த்துக் கொடுக்கவும் கூடாது. சென்னையில் வாடகைக்கு இருக்கும் ஏழைகளில் பலருக்கு அந்த நூறு இலவச யூனிட் எட்டுவதே இல்லை. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்குகிறார். மிச்சம் உண்மையிலேயே கைக்கு வரக்கூடியவர்கள் இவர்கள்தான். ஆனால் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் திட்டத்தின் கண்ணில் இவர்கள் படுவதே இல்லை. குடும்ப அட்டையை வைத்துக் கொடுங்கள். வீடு மாறும்போது விசிறியைக் கழற்றிக்கொண்டு போக அந்தக் குடும்பத்துக்கு உரிமை உண்டு என்று ஆணையிலேயே எழுதுங்கள். கூரைப் பூச்சுக்கு அரசு செலவிட்டால், அதைக் காட்டி இரண்டு ஆண்டுக்கு வாடகையை ஏற்ற மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கையெழுத்து வாங்குங்கள்.