வெள்ளையை முதலில் பாருங்கள்

பறவைப் படம் ஒன்றைக் காட்டினால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கிட்டப் போய் எடுத்தீங்க?" என்பதுதான். அடுத்த கேள்வி லென்ஸின் விலை. இரண்டுக்கும் பதில் தெரிந்துவிடும், படத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. 600 மி.மீ. லென்ஸ் கையில் இருந்தால் யாருக்கும் பறவை கிட்டத்தில் வந்துவிடும். அந்தப் பறவையின் மேல் விழுந்த வெளிச்சத்தில் எவ்வளவை உள்ளே விடுவது என்று, அது கிளையை விட்டுக் கிளம்புவதற்குள் எடுப்பவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். படத்தில் ரசிக்க வேண்டியது பெரும்பாலும் அந்த முடிவைத்தான்.

அதைப் பழகிக்கொள்ள ஜொகூரில் கோத்தா திங்கியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஊரைத் தாண்டி மெர்சிங் சாலையில் போனால் பந்தி வனக்காப்பகம். பறவை பார்ப்பவர்கள் 'பங்கர் டிரெயில்' என்று சொல்லும் மண்பாதை அதற்குள் போகிறது. ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வார இறுதியில் விடியுமுன்பே கார்கள் வந்து நிற்கும். இந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், இன்னொரு பக்கம் ஜொகூர் ஆறு, கிழக்கே தஞ்சோங் பாலாவ் கடற்கரை. இருட்டுக் காடு, வெட்டவெளி, நீர், மணல் என்று நால்வகை வெளிச்சமும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஃபிலிம் காலத்தில் கேமரா பிடித்தவர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்த விதி ஒன்று உண்டு. மேகமில்லாத வெயிலில் அபெர்ச்சர் எஃப்/16 என்றால், ஐஎஸ்ஓ எத்தனையோ அத்தனையில் ஒரு பங்கு விநாடி ஷட்டர் போதும். ஐஎஸ்ஓ 400க்கு 1/400. அபெர்ச்சரை எஃப்/5.6 வரை திறந்தால் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, வெளிச்சம் கூடுகிறது, ஷட்டர் 1/3200க்குப் போய்விடலாம். பறக்கும் பருந்தின் இறக்கை நுனிகூட அந்த வேகத்தில் தெளிவாக விழும். இப்போது காட்டுக்குள் வாருங்கள். மழைக்காட்டின் தரையைத் தொடுவது, மேலே மர உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இரண்டு பங்கு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அந்த 1/3200, 1/60 ஆகிவிடுகிறது. மூன்று கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு 1/60இல் குருவி எடுப்பது நடக்கிற காரியமா? ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் 1/500 கிடைக்கும். பதிலுக்குப் படத்தில் புள்ளிகள் வரும்.

அதனால் காட்டுப் பறவைப் படத்தில் புள்ளி தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள். ஓடியாடும் ஈப்பிடிப்பானின் படம் கொஞ்சம் புள்ளியோடு இருப்பதே நியாயம், வேகத்துக்குக் கொடுத்த விலை அது. தீக்காக்கை வேறு ரகம். ஒரே கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு நிமிடக்கணக்கில் அசையாது. முக்காலி போட்டு 1/60இலேயே எடுத்துவிடலாம், படம் சுத்தமாக வரும். அதிலும் புள்ளி மண்டிக்கிடந்தால், எடுத்தவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறவர் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கும் தையற்காரர் மாதிரி அது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளுத்த வானத்தின் முன் கறுப்புப் பறவையைக் காட்டினால், வானம் ரொம்ப வெளிச்சம் என்று எல்லாவற்றையும் இறக்கிவிடும், பறவை கரிக்கட்டையாகும். கரும்பச்சை நீரின் முன் வெள்ளைக் கொக்கைக் காட்டினால், இருட்டாக இருக்கிறதே என்று ஏற்றிவிடும், கொக்கின் இறகெல்லாம் கரைந்து வெள்ளைத் தாளாகும். ஒளிமானி சொன்னதை எவ்வளவு மீறினார் என்பதில்தான் எடுத்தவரின் கை தெரிகிறது.

இங்கேதான் இருவாச்சிகள் வருகின்றன. தீபகற்ப மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு, அவற்றில் பல பந்தியில் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றிலும் கம்பீரமானது, சரவாக் மாநிலம் தன் அடையாளமாக வைத்திருக்கும் காண்டாமிருக இருவாச்சி. உடல் கன்னங்கறுப்பு, வயிறு வெள்ளை, வெள்ளை வாலின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அலகின் மேல் மேல்நோக்கி வளைந்த கொம்பு, ஆரஞ்சும் சிவப்புமாக. ஒரே உடம்பில் இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பழுத்த அத்தி மரத்தின் உச்சியில், பின்னால் வானம் பளபளக்க வந்து உட்காரும். படம் எடுப்பவருக்கு இதைவிடக் கடினமான வினாத்தாள் கிடையாது.

படத்தைக் கையில் எடுத்ததும் வெள்ளை வயிற்றைப் பாருங்கள். இறகுகளின் கோடுகள் தெரிகின்றனவா? டிஜிட்டல் கேமராவில் ஒருமுறை எரிந்துபோன வெள்ளையைக் கணினியில் உட்கார்ந்து மீட்க முடியாது, அங்கே பதிவு என்று ஒன்றும் இல்லை. பழகியவர்கள் வெள்ளையைக் காப்பாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பற்றி யோசிப்பார்கள். அத்தி மரத்தடியில் கூட்டமாக நிற்கும்போது காதில் விழும் பேச்சும் இதுதான்: "அண்ணே, வெள்ளை போயிருச்சு, கொஞ்சம் இறக்குங்க." அவர் இறக்குவார். அடுத்த நிமிடம், "இப்ப கண்ணு தெரியலையேப்பா" என்பார்.

ஆம், அடுத்து கண். காண்டாமிருக இருவாச்சியில் ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெளிறிய வெள்ளை. கறுத்த முகத்துக்குள் அந்தச் சின்ன வட்டத்தின் நிறம் தெரியவில்லை என்றால் படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்பதற்கான முதல் தடயம் போய்விட்டது. வானத்தின் முன்னால் இருக்கும் பறவையில் அந்த நிறம் தெரிய, ஒளிமானி சொன்னதற்கு மேல் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் வானம் வெளுத்துவிடும். வெளுக்கட்டும் என்பது என் கட்சி. நீல வானத்தைக் காப்பாற்றிவிட்டுப் பறவையை நிழலாக்கிய படங்கள் நாட்காட்டிக்கு நன்றாக இருக்கும்.

கொம்பின் நிறத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அந்தச் சிவப்பும் ஆரஞ்சும் பிறப்பிலேயே வந்தவை அல்ல. வாலடியில் இருக்கும் சுரப்பியின் எண்ணெயைப் பறவை அலகாலும் தலையாலும் தேய்த்துத் தேய்த்து ஏற்றிக்கொண்டவை. ஓரத்துக்கு ஓரம் அழுத்தம் மாறும். கொம்பு முழுக்க ஒரே ஆரஞ்சாக, பூசிவிட்டதுபோல் இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது, அல்லது கணினியில் வண்ணத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

தொடர்ச்சியாக எடுத்த படங்களை யாராவது காட்டினால் இன்னொரு சோதனை செய்யலாம். இருவாச்சி மரத்தை விட்டுப் பறந்து, வானத்தைக் கடந்து, அடுத்த மரச்செறிவின் முன்னால் போகிறது. பின்னணி மாறுகிறதே தவிர, பறவையின் மேல் விழும் வெளிச்சம் அந்த ஐந்தாறு விநாடியில் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் எல்லாப் படத்திலும் வயிற்றின் வெள்ளை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு படத்தில் பளீரென்றும் அடுத்ததில் சாம்பலாகவும் இருந்தால், தானியங்கி ஒளிமானியிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டார் என்று அர்த்தம். கைத்தேர்வில் வெளிச்சத்தைப் பூட்டி வைத்தவரின் வரிசையில் வானமும் மரமும் மாறும், பறவை மாறாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் எடுத்தவர் முகம் மலரும். லென்ஸ் விலையைக் கேட்டால் வராத மலர்ச்சி.

இருவாச்சியிலிருந்து கீழே இறங்கினால் பந்தியின் சின்ன அதிசயங்கள். கறுப்பு மஞ்சள் பிராட்பில் 15 செ.மீ.தான் இருக்கும். கறுப்புத் தலை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, இளஞ்சிவப்பு மார்பு, முதுகில் மஞ்சள் கீற்று, நீல அலகு, மஞ்சள் கண். ஆணுக்கு மார்பின் குறுக்கே கறுப்புப் பட்டை முழுதாக ஓடும், பெண்ணுக்கு நடுவில் அறுந்திருக்கும். குரல் சிள்வண்டு போல மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். வெள்ளையும் கறுப்பும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் எக்ஸ்போஷர் சரியா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்த இளஞ்சிவப்பு வெளிறித் தெரிந்தால் ஒரு ஸ்டாப் கூடிவிட்டது.

இதில் கூர்மையை எப்படி மதிப்பிடுவது என்றும் பார்க்கலாம். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையை முழு அளவு சென்சாரில் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸால் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் 7 செ.மீ.கூட இல்லை. நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பறவையில் கண் கூராக இருந்து வால் மங்கலானால் அது குறையில்லை. வால் கூராக இருந்து கண் மங்கினால் படம் போயிற்று. விலை குறைந்த 150–600 மி.மீ. ஜூம்கள், 2013–14இல் டாம்ரானும் சிக்மாவும் கொண்டுவந்தவை, 600இல் எஃப்/6.3 வரைதான் திறக்கும். ஏறக்குறைய ஒன்றேகால் ஸ்டாப் நஷ்டம், பந்திக்குள் அது உறைக்கும். ஆனால் சாதாரணச் சம்பளக்காரர்களைக் காட்டுக்குள் கூட்டி வந்தவை இந்த ஜூம்கள்தாம், அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

தீக்காக்கையின் சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தின் மொத்த வெளிச்சம் சரியாக இருந்தும், சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கலாம். வயிற்றில் இறகே இல்லாமல் ஒரு சிவப்புத் துணி ஒட்டியதுபோல் இருக்கும். கேமராவின் பின்திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பவர்கள்தாம் அதைத் தவிர்ப்பார்கள். நல்ல தீக்காக்கைப் படம் முதல் பார்வைக்குக் கொஞ்சம் மங்கலாகவே தோன்றும்.

காட்டுக்கு வெளியே பழக எளிது. மறுநடவு செய்த இளஞ்செம்பனை நிலத்தின் மேல் வெண்சாம்பல் நிறப் பருந்து ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். கால்வாய் ஓரத்தில் வெண்மார்பு மீன்கொத்தி. வெயிலில் நிற்கும் கொக்குக்கு அந்தப் பழைய எஃப்/16 விதியிலிருந்து இன்னும் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். தஞ்சோங் பாலாவ் பக்கம் கடல்கழுகைக் கண்டால், வயிற்றிலும் இறக்கையின் அடியிலும் இருக்கும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். மணலும் நீரும் கீழிருந்து திருப்பி அனுப்பியது அது. உச்சிவெயிலிலும் அடிப்பக்கம் இருளாமல் இருப்பது அதனால்தான்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறோம். சூரியன் செங்குத்தாக ஏறிவிடும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 பாகை. ஏழு மணி வாக்கில் விடிந்தால் ஒன்பதுக்கெல்லாம் இதமான வெளிச்சம் முடிந்துவிடும். படத்தில் பறவையின் கண்ணில் இருக்கும் மினுக்கைப் பாருங்கள். பக்கவாட்டில் இருந்தால் காலையோ மாலையோ, உச்சியில் இருந்தால் நேரம் தப்பிய படம். கண்ணின் நட்டநடுவில் குண்டூசி முனை போல் இருந்தால் அநேகமாக ஃபிளாஷ்.

பழைய ஆட்களிடமும் கற்க நிறைய இருக்கிறது. கோலாலம்பூரில் 1915இல் பிறந்து சிங்கப்பூரில் கத்தே சினிமா நிறுவனத்தை நடத்திய லோக் வான் தோ, பறவைப் படக்காரராகவும் பேர்பெற்றவர். இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியோடு காடு மேடெல்லாம் அலைந்தவர். அந்தத் தலைமுறைக்கு நெருக்கம் கிடைத்தது மறைவிடத்துக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்ததால். தமிழர்களில் என்றால் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்து அவரே உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மற்ற விலங்குகளையும் எடுத்தார். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் கைப்பேசியில் இருக்கும் பறவைப் படம் ஒன்றின் வண்ணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். வண்ணம் மறைத்துவைத்திருந்த வெளிச்சப் பிசகுகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஒரு வகைப் படத்தை மட்டும் நான் ரசிப்பதில்லை, கூட்டைச் சூழ்ந்து நின்று எடுத்தது. இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சின்னப் பிளவு வழியாக ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. அடியில் ஆள் திரண்டு நின்றால் ஆண் வராது. எக்ஸ்போஷர் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அந்தப் படத்துக்கு நான் கை தட்டமாட்டேன். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

போவதாக இருந்தால் நவம்பரிலிருந்து ஜனவரி வரையிலான பருவமழையைத் தவிர்த்துவிடுங்கள், வனத்துறையிடம் அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைக்கு நீளக் காலுறை. போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே படம் பார்க்கலாம், ஆனால் பார்க்கும் விதம் முக்கியம். கைப்பேசியின் திரை வெளிச்சம் தானாக ஏறி இறங்கும் வசதியை நிறுத்திவிட்டு நடுத்தரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் எடுத்தவர் செய்ததும் திரை செய்ததும் குழம்பிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து இறகின் நுணுக்கத்தைத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சுருக்கி அனுப்பும்போதே அதில் பாதி போய்விடுகிறது. முடிந்தால் மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள், அச்சிட்டுப் பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. அச்சில் எரிந்த வெள்ளை வெறும் தாளாகவே நிற்கும், விரலை வைத்துக் காட்டலாம்.