பிரித்து மூடியவர் பெயர் பில்லில் இல்லை

வழக்கமாகக் கோட்டையும் கல்வெட்டும் பேசும் இடம் இது. இந்த முறை போன். காரணம் என் சித்தப்பா.

ஆன்லைனில் ‘ரீஃபர்பிஷ்டு’ என்று ஒரு போன் வாங்கினார். 9,000 ரூபாய் சொச்சம், ஆறு மாத வாரண்டி. ஏழாவது வாரமே, யாரும் தொடாமல் திரையில் தானாக எழுத்து விழ ஆரம்பித்துவிட்டது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லைப் போட்டுவிட்டு, பணம் ஏறியதா என்றுகூடப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். “ஏம்பா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, யாரைப் போய் கேக்கிறது?” என்றார். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

விற்ற தளம், “நாங்க நடுவுல இருக்கிறவங்கதான், விற்பனையாளரைக் கேளுங்க” என்றது. விற்பனையாளர் போனை வரவழைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஈரம் பட்ட அடையாளம் இருக்கிறது, வாரண்டி செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். விழுப்புரம் போனால், போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே தங்களுடையது இல்லை, கை வைக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் திண்டிவனம் சாலையில் உள்ள மெக்கானிக் தம்பிதான் எங்கள் கண் முன்னால் திறந்து காட்டினார். “டிஸ்ப்ளே டூப்ளிகேட்ணா. ஏற்கெனவே யாரோ பிரிச்சிருக்காங்க.” தனித்தனியாகப் பார்த்தால் இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. எரிச்சலே அதுதான்.

அந்த ஈர ஸ்டிக்கரைக் கொஞ்சம் பார்ப்போம். போனுக்குள் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைத் துண்டு, தண்ணீர் பட்டால் சிவப்பாகும். பட்டது என்று சொல்லுமே தவிர, எப்போது பட்டது என்று சொல்லாது. புதுப் போன் என்றால் உரிமையாளர் ஒருவர்தான், அந்தச் சாட்சி ஓரளவு செல்லும். ரீஃபர்பிஷ்டு போனுக்குச் செல்லாது. விற்பதற்கு முன் பிரித்தவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதே சிவப்பு என்றால் தெரிந்தே விற்றிருக்கிறார். வெள்ளை என்றால் அன்று எடுத்த படத்தைக் காட்டட்டும். பார்க்கவே இல்லை என்றால், பல கட்டச் சோதனை செய்தோம் என்று விளம்பரத்தில் போட்டது எதை?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். (நான் வக்கீல் இல்லை, வெறும் பி.இ.) புதுப்பித்த பொருளைப் புதிது என்று பொய் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக முறை என்கிறது 2(47). சரி. புதுப்பித்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, எதை மாற்றினோம் என்று மட்டும் சொல்லாமல் விற்றால்? அதற்கென்று தனி வரி இல்லை. பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை என்ற பொது வலையைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

86-ஆம் பிரிவைப் படித்தபோது, ஆள் மாட்டினார் என்றே நினைத்தேன். விற்பவர் பொருளை மாற்றியமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால், அவரே பொறுப்பு. இந்தச் சட்டத்தில் ‘விற்பனையாளர்’ என்ற சொல்லுக்குள் பழுது பார்ப்பவரும் வருகிறார். அப்புறம்தான் ‘தீங்கு’ என்ற சொல்லின் விளக்கத்துக்குப் போனேன். பொருளுக்கே வரும் சேதம் அதில் சேராது! பேட்டரி வெடித்துக் கை சுட்டால் இந்தப் பிரிவு உதவும். திரை செத்தால் ‘குறைபாடுள்ள பொருள்’ என்ற பழைய வழியில்தான் போக வேண்டும். அங்கே போனால், குறை முதலிலேயே இருந்ததா என்ற அதே கேள்வி, அதே ஸ்டிக்கர்.

ரீஃபர்பிஷ் செய்பவர் யார் என்று வரையறுப்பது வேறொரு இடம்: 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். அவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். ஆக, கழிவுக் கணக்கு வாரியத்துக்குப் போகிறது. இந்தப் போனில் எதைக் கழற்றி எதை மாட்டினார் என்ற கணக்கு சித்தப்பாவுக்கு வரவில்லை.

செய்ய முடியாததா? 2016-ல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது நினைவிருக்கும். இரண்டு சப்ளையர்களின் பேட்டரியிலும் வெவ்வேறு கோளாறு என்று 2017 ஜனவரியில் சாம்சங் அறிவித்தது. ஆனாலும் பழியைச் சப்ளையர் தலையில் கட்டிவிட்டு நழுவவில்லை, பொறுப்பைத் தானே ஏற்றது. அதே வருடம் மிச்சமிருந்த போன்களையும் பாகங்களையும் வைத்து ‘ஃபேன் எடிஷன்’ என்று தென்கொரியாவில் விற்றது. பேட்டரி 3,500 எம்ஏஎச் இருந்த இடத்தில் 3,200. மாற்றியது யார், எதை மாற்றினார் என்பது ஊருக்கே தெரியும். ஐபோனிலும் ஐஓஎஸ் 15.2 முதல், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று செட்டிங்ஸிலேயே பார்க்கலாம் (மாடலைப் பொறுத்துப் பட்டியல் மாறும்). எங்கள் தொழிலில் ஒரு வரி கோடு கெட்டால்கூட யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்று கிட் காட்டிக்கொடுத்துவிடும். செஞ்சிக் கோட்டையில் நாயக்கர் கட்டியது எது, மராட்டியர் சேர்த்தது எது என்று சுவர் சுவராகப் பிரித்துப் பேசுகிறோம். 9,000 ரூபாய் போனுக்கு அது முடியாதாம்.

இதையெல்லாம் எழுதினால் செலவு கூடும், விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், நூறு இருநூறு. ஆயிரக்கணக்கில் விற்பவர் பில்லில் மூன்று வரி சேர்க்கலாம்: மாற்றிய பாகம், அது ஒரிஜினலா, பிரித்த தேதி. நம்ம மெக்கானிக் தம்பி தலையிலும் இந்தப் படிவத்தைக் கட்டச் சொல்லவில்லை. அவர் உரிமையாளர் எதிரிலேயே பிரிக்கிறார், கேட்டால் சொல்கிறார்.

1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். மசியவில்லை என்றால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுவதாக இருந்தோம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்குத் தேவைப்படவில்லை. பதினோராம் நாள் பணம் திரும்பி வந்தது, ‘நல்லெண்ண அடிப்படையில், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்’ என்ற குறிப்போடு. “அப்போ தப்பு யாருதுதான்?” என்றார் சித்தப்பா. பணம் வந்ததில் அவருக்கு அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை.

போனைத் திருப்பிக் கேட்டார்கள், அனுப்பிவிட்டோம். பெட்டியில் வைப்பதற்கு முன் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரையும் டூப்ளிகேட் டிஸ்ப்ளேயையும் படம் எடுத்து, *#06# அடித்து வந்த ஐஎம்இஐ எண்ணையும் குறித்து வைத்திருக்கிறேன். ரீஃபர்பிஷ்டு போன் வாங்கப்போகிறவர்கள் எண்ணை எனக்கு அனுப்புங்கள். அதே போனாக இருந்தால் படம் தருகிறேன்.