காலடியும் கழுத்துப்பட்டியும்

நாயின் நன்றியைப் புகழாத நாடில்லை. ஆயின், அந்நன்றி அன்பினால் விளைந்ததோ, ஆட்சிக்கு அடங்கியதனால் விளைந்ததோ என வினவியோர் சிலரே. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் 1656ஆம் ஆண்டில் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ என்னும் ஓவியம் அவ்வினாவைச் சொல்லின்றி எழுப்புகின்றது. ‘அரசகுலத் தோழியர்’ என்பது அப்பெயரின் பொருள்.

இதற்கு முற்பட்ட மரபொன்றை ஈண்டு நோக்குதல் நலம். 1533இல் இத்தாலிய ஓவியர் டிசியன் வரைந்த படத்தில், பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் கை பெருநாயொன்றின் கழுத்துப்பட்டியைப் பற்றியுள்ளது. விலங்கை அடக்கும் கை நாட்டையும் அடக்கவல்லது என்பது அதன் குறிப்பு. அங்கே நாய் அரசனுக்கு அணிகலன்.

வெலாஸ்குவெஸின் படத்திலும் பெருநாயொன்று உண்டு. ஆனால் அதனைப் பற்றும் அரசகரம் இல்லை. ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா நடுவே நிற்கத் தோழியர் இருவர் பணிவிடை செய்கின்றனர். வலப்புறத்தே குள்ளர் இருவர் உளர். அவருள் இளையவனான நிக்கொலாசித்தோ நாயின் முதுகிற் காலை வைக்கின்றான். நாயோ கண் செருகிக் கிடக்கின்றது.

இதனை வெறும் விளையாட்டென்று கொள்வாருமுளர். அஃது ஒருபுடை உண்மையே. எனினும், அக்கால ஸ்பானிய அரண்மனையிற் குள்ளர் அரச குடும்பத்தின் பொழுதுபோக்குக்கெனவும் வைக்கப்பட்டிருந்தனர் என்பதை மறத்தலாகாது. பிறர் விளையாட்டுக்குப் பொருளானவன் தனக்கு அடங்கிய ஓருயிரைத் தன் விளையாட்டுக்குப் பொருளாக்குகின்றான். மேலிருந்து படிப்படியாக இறங்கிய அதிகாரம் நாயின் முதுகில் வந்து முடிகின்றது. அதற்குக் கீழே மிதிபட எவருமில்லை.

ஓவியர் இவ்வரிசையினின்றும் தம்மை விலக்கிக்கொண்டாரல்லர். தூரிகையேந்தி நிற்கும் அவரது இடையில் அரண்மனைத் திறவுகோல் உளது. 1659இல் அவர் பெற்ற சாந்தியாகோ வீரர் குழுவின் செஞ்சிலுவை பின்னர் அவர் மார்பில் தீட்டப்பட்டது. இவை பெருமைச் சின்னங்களே. அவர் அரசனுக்கு உரியவர் என்பதற்கு அடையாளங்களுமாம். கழுத்துப்பட்டியும் அத்தகையதன்றோ?

அரசனும் அரசியும் பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தோன்றுகின்றனர். அதிகாரம் மிக்கோர் தொலைவில். அஃது அறவே இல்லாத நாய் காண்போர்க்கு மிக அருகில். கண்ணாடியில் தெரிவோர் நிற்குமிடம் படத்துக்கு முன்னுள்ள இடமே என்பது அறிஞர் பலர் கொள்கை. அங்ஙனமாயின், மத்திரித் நகரத்துப் பிராடோ நூதனசாலையில் இதன்முன் நிற்பவர் அரசனின் இடத்தில், அந்நாயை உடையவராய் நிற்கின்றார். செருகிய அக்கண்களிற் புலப்படுவது அன்போ அச்சமோ பழக்கமோ என ஓவியர் உரைத்திலர். விடை கூறும் கடனை உடையவர்க்கே விட்டுச் சென்றார்.