இரண்டாவது அழைப்பு யாருக்கு?

பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் சீசன் அட்டவணை வெளியானதும் பத்திரிகைகள் தேடுவது புதுப் பெயர்களைத்தான். முதன்முறையாக அந்த மேடை ஏறப்போகும் இசை நடத்துநர் யார், எந்தப் பியானோ கலைஞருக்கு இந்த ஆண்டு அரங்கேற்றம் என்பதே தலைப்புச் செய்தி. எனக்கு முக்கியம் வேறு. முன்பு வந்துபோனவர்களில் யாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, ஜூனில் வால்டுபியூனே திறந்தவெளி அரங்கில் முடியும் நீண்ட சீசன் இது. முதல் அழைப்பைப் புகழே வாங்கித் தந்துவிடும். இரண்டாவது அழைப்புக்கு ஒத்திகை அறையில் நடந்தது மட்டும்தான் கணக்கு.

இதற்குக் கிரில் பெட்ரென்கோவைவிட நல்ல சாட்சி கிடையாது. 2015 ஜூனில் அவரைத் தலைமை நடத்துநராகத் தேர்ந்தெடுத்தபோது இசை உலகமே திகைத்தது. கிறிஸ்டியன் தீலமான், ஆண்ட்ரிஸ் நெல்சன்ஸ் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்ரென்கோ அதுவரை அந்தக் குழுவோடு மூன்றே மூன்று நிகழ்ச்சிகளை நடத்தியிருந்தார்: 2006, 2009, 2012. நான்காவதாக 2014 டிசம்பரில் மாலரின் ஆறாவது சிம்பொனியை நடத்த வேண்டியவர், வர முடியாமல் போய் டேனியல் ஹார்டிங் அந்த இடத்தில் நின்றார். பேட்டி கொடுக்காதவர், ஒலிப்பதிவும் அதிகம் இல்லாதவர். ஆனால் 2009இல் எல்காரின் இரண்டாவது சிம்பொனியையும், 2012இல் ஸ்க்ரியாபினின் ‘பரவசக் கவிதை’யையும் அவரிடம் வாசித்தவர்களுக்கு அந்த வாரங்கள் மறக்கவில்லை. வாக்குச்சீட்டை எடுத்தபோது அவர்கள் கணக்கில் வைத்தது அதைத்தான்.

வாக்குச்சீட்டு என்று சொன்னது உருவகம் அல்ல. கிரிக்கெட்டில் ஆடும் பதினோரு பேரே தேர்வுக் குழுவாக உட்கார்ந்து கேப்டனையும் புதிய ஆட்டக்காரரையும் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும்? இங்கே அதுதான் நடைமுறை. இந்தக் குழு பிறந்ததே ஒரு கலகத்தில். 1882இல் பெஞ்சமின் பில்ஸே என்பவரின் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வார்சா பயணத்துக்கு நான்காம் வகுப்பு ரயில் பெட்டி என்று சொல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறித் தங்களுக்கென்று ஒரு குழுவை அமைத்துக்கொண்டார்கள். அன்று தொடங்கிய தன்னாட்சிப் பழக்கம் இன்றைக்கும் தொடர்கிறது. 2015 மே மாதம் பெர்லின் டாலம் பகுதித் தேவாலயம் ஒன்றில் 120க்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூடி, பதினொரு மணி நேரம் வாக்களித்தும் முடிவு எட்டாமல் கலைந்தார்கள். அடுத்த மாதம் கூடியபோதுதான் பெட்ரென்கோ பெயர் வந்தது. தொலைபேசியில் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார்.

ஆகவே பெர்லினில் விருந்தினர் வாரம் என்பது அலங்காரம் அல்ல. எந்த விருந்தினரும் தன்னை அறியாமலேயே நூற்றுச் சொச்சம் தேர்வாளர்கள் முன் நிற்கிறார். தலைமை நடத்துநர் சீசனின் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்வார். பெரும்பகுதி வெளியிலிருந்து வருபவர்களுக்கு.

அந்த வாரம் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் தேர்வின் கடுமை புரியும். ஒத்திகைக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அதற்குள் ஒரு சிம்பொனி, ஒரு கான்செர்ட்டோ, பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்ட ஒரு சிறு படைப்பு. பிறகு ஒரே நிகழ்ச்சியை வழக்கமாக மூன்று இரவுகள் வாசிப்பார்கள். பிராம்ஸின் நான்காவது சிம்பொனியை நூறு முறை வாசித்தவர்களுக்குப் போய் அதில் என்ன சொல்லித்தருவது? இங்கேதான் பல பெரிய பெயர்கள் தடுமாறுகின்றன. அதிகம் பேசும் நடத்துநரைக் கண்டால் எந்தக் குழுவும் சோர்ந்துவிடும். ஒரு கையசைவில் முடிய வேண்டியதைப் பத்து நிமிடம் விளக்கினால், வாசிப்பவர் மனதுக்குள் அவருக்கு மதிப்பெண் இறங்கத் தொடங்கும்.

இன்னொரு சிக்கல் இந்தக் குழுவுக்கே உரியது. நடத்துநரின் கோல் கீழே இறங்கிய அதே கணத்தில் ஒலி வராது. ஒரு மூச்சு தாமதித்துத்தான் வரும். டபுள் பேஸ்கள் அடியில் ஊன்றி, செல்லோக்கள் அதன்மேல் ஏறி, பிறகு மொத்தமாக அந்தக் கனத்த ஒலி எழும்பும். முதன்முறை வரும் நடத்துநருக்கு இது காலுக்குக் கீழே தரை நகர்ந்தது போன்ற அனுபவம். பயந்தவர் கோலை இன்னும் வேகமாக வீசுவார். உடனே குழு அவரை விட்டுவிட்டு முதல் வயலின் வரிசையின் தலைவரான கான்செர்ட்மாஸ்டரின் வில்லைப் பார்க்கத் தொடங்கும். தைசின் காஷிமோட்டோவோ நோவா பெண்டிக்ஸ்-பால்க்லியோ அந்த நாற்காலியில் இருந்தால் நிகழ்ச்சி பிழைத்துவிடும். ஆனால் நடத்துநர் பிழைக்க மாட்டார். ஹான்ஸ் ஷரூன் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட பில்ஹார்மோனி அரங்கில் ரசிகர்கள் மேடையைச் சுற்றிலும் உட்காருவார்கள். குழுவுக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள் நடத்துநரின் முகத்துக்கு நேர் எதிரே. ஒலிச் சமநிலைக்கு அவை நல்ல இடம் இல்லைதான். ஆனால் யார் யாரை நம்புகிறார்கள் என்று பார்க்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

தனிக்கலைஞர்களின் தேர்வு வேறு மாதிரி. கான்செர்ட்டோவில் எல்லோர் கண்ணும் நடுவில் நிற்பவர்மேல் இருக்கும். நான் கவனிப்பது அவர் வாசிக்காத நேரத்தை. பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோ இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வயலினுக்கு வேலையே இல்லை. ஓபோ ஒரு நீண்ட ராகம் போன்ற வரியைப் பாடிக்கொண்டே போகும். ஆல்பிரெக்ட் மாயர் வாசிக்கும் இரவானால் அந்த வரியிலேயே பாதி நெஞ்சு கரைந்துவிடும். விருந்தினர் வயலினைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்கிறாரா, காத்திருக்கிறாரா? பதில் அவருடைய முதல் சொற்றொடரில் வந்துவிடும். கேட்டவர், ஓபோ விட்ட இடத்தின் மூச்சையும் எடையையும் எடுத்துக்கொண்டு தொடர்வார். காத்திருந்தவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த வாசிப்பை அங்கே இறக்கிவைப்பார். அதே பிராம்ஸின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவில் மூன்றாம் பகுதியைத் தொடங்குவது ஒற்றைச் செல்லோ. பியானோ முன் கைகட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அங்கேயும் இதே தேர்வுதான்.

இந்தக் குழுவோடு இளம் வயதினர் செய்த சாதனைகள் ஏராளம். 1929 ஏப்ரலில், பதின்மூன்று வயதுகூட நிரம்பாத யெஹூதி மெனுஹின், புரூனோ வால்டர் நடத்த, பாக், பீத்தோவன், பிராம்ஸ் என்று மூன்று கான்செர்ட்டோக்களை ஒரே மாலையில் வாசித்தார். 1988 புத்தாண்டு முந்தைய இரவில் பதினேழு வயது எவ்கெனி கிஸ்ஸின், அப்போதைய தலைமை நடத்துநரான முதிர்ந்த கராயனோடு சைகோவ்ஸ்கி வாசித்தார். நம் மும்பையிலிருந்து போன ஜுபின் மேத்தா 1961இல் இதே குழுவை முதன்முறை நடத்தியபோது அவருக்கு வயது 25. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டு, 2019இல் கௌரவ உறுப்பினரும் ஆனார். நான் சொல்லும் கணக்கில் அவர்தான் உச்ச வரிசை.

அழைப்பு திரும்ப வராத கதைகளில் என்னை விடாமல் துரத்துவது லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் கதை. 1979 அக்டோபரில் இரண்டு இரவுகள், மாலரின் ஒன்பதாவது சிம்பொனி. உலகின் மிகப் பெரிய மாலர் நடத்துநர்களில் ஒருவர், உலகின் மிகச் சிறந்த குழுக்களில் ஒன்று. பதிவு வெளிவந்திருக்கிறது, கேட்கலாம். கடைசிப் பகுதியின் உச்சத்தில் டிராம்போன்கள் ஒலித்திருக்க வேண்டிய இடத்தில் அவை இல்லை. அந்த ஓட்டையோடும் அது எரிகிற வாசிப்பு. வில்கள் நரம்பைக் கிழித்துவிடும் போல இழுபடுகின்றன. ஒழுங்கு குலைகிறது, மறுபடி கூடுகிறது. கராயனின் பளபளப்புக்குப் பழகிய ஒரு குழுவை ஒருவர் சில நாட்களில் இந்த அளவுக்குக் கலைத்துப் போட முடியுமா என்று வியப்பாக இருக்கும். 1990இல் இறக்கும்வரை பெர்ன்ஸ்டைன் இந்தக் குழுவை மறுபடி நடத்தவேயில்லை. கராயன் கோலோச்சிய காலம் அது. அந்த இழப்புக்கு யார் காரணமாக இருந்தாலும், நட்டம் இசைக்குத்தான்.

செர்ஜியு செலிபிடாகே விஷயத்தில் காலம் கொஞ்சம் கருணை காட்டியது. போருக்குப் பின் இடிபாடுகளுக்கு நடுவே இந்தக் குழுவைத் தூக்கி நிறுத்தியவர் அவர், நானூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடத்தியவர். 1954இல் தலைமை நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் மறைந்ததும் தலைமை கராயனுக்குப் போனது. செலிபிடாகே திரும்பி வர ஏறக்குறைய 38 ஆண்டுகள் ஆயின. ஜெர்மன் குடியரசுத் தலைவர் வைட்சேக்கரின் அழைப்பில் 1992இல் வந்தவர், ப்ரூக்னரின் ஏழாவது சிம்பொனிக்கு வழக்கத்தைவிட அதிக ஒத்திகை கேட்டு வாங்கினார். அந்த ஒத்திகைகளின் படம் இருக்கிறது. ஒரே ஒரு நடுக்க ஒலியின் தடிப்பைச் சரிசெய்ய அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால், இன்றைய அவசர வாரங்களில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று தெரியும். கூடுதலாக இரண்டு ஒத்திகை கொடுக்க முடியாத ஏழைக் குழு இல்லை இது. ப்ரூக்னர், மாலர் வாரங்களில் கொடுக்கத்தான் வேண்டும்.

தேர்வாளர்களான கலைஞர்கள் எப்போதும் சரியாகத்தான் தேர்ந்தெடுப்பார்களா? இல்லை. 1980களின் தொடக்கத்தில் கிளாரினெட் கலைஞர் சபீனே மேயரைக் கராயன் சேர்க்க விரும்பினார். குழு 73க்கு 4 என்று எதிர்த்து வாக்களித்தது. அவருடைய ஒலி மற்றவர்களோடு கலக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். நூறாண்டு பழைமையான அந்தக் குழுவில் முதல் பெண்ணாக வயலின் கலைஞர் மடலைன் கருட்ஸோ சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. இந்தப் பின்னணியை ஒதுக்கிவிட்டு அந்த வாக்கைப் படிக்க என்னால் முடியவில்லை. மேயர் விலகிக்கொண்டு, உலக மேடைகளில் தனிக்கலைஞராக உயர்ந்தார். முதல் பெண் உறுப்பினரிலிருந்து முதல் பெண் கான்செர்ட்மாஸ்டர்வரை, அதாவது 1982லிருந்து வினேத்தா சரைக்கா அந்த நாற்காலிக்கு வந்த 2023வரை, நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. தலைமை நடத்துநர் பட்டியலில் இன்றுவரை ஒரு பெண்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் விருந்தினர் வாரங்களின் எடை கூடுகிறது. பெட்ரென்கோ மூன்று வாரங்களில் தலைவரானார் என்றால், அந்த மூன்று வாரங்கள் யாருக்குக் கிடைக்கின்றன என்பதுதான் கேள்வி. பரோக் இசையில் பெண் நடத்துநர் எம்மானுவேல் ஆயிம் 2008லிருந்து பலமுறை வந்திருக்கிறார், அது நல்ல தொடக்கம். ஆனால் பரோக்குக்குக் குழுவின் ஒரு பகுதிதான் மேடையேறும். முழுக் குழுவும் உட்கார்ந்து, எட்டு டபுள் பேஸ்கள் பின்னால் நிற்க, மாலரையோ ப்ரூக்னரையோ ஸ்க்ரியாபினையோ நடத்தினால்தான் அந்தத் தேர்வாளர்கள் மனதில் ஒருவர் தலைவராக உருவெடுப்பார். பெண் நடத்துநர்களை அட்டவணையில் சேர்த்தால் போதாது. அந்தப் பெரிய படைப்புகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், ஒத்திகை நாட்களையும் சேர்த்துக் கொடுத்து.